கரடி வுடாதீங்க

பாஞ்சாலை நான்காவது முறையாக வந்து வாசலில் நின்றபோது, எம்.எல்.ஏ. பூபாலன் தன் வீட்டுக் கொல்லைப்புற ஷெட்டில் ஒரு பெரிய குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார்.

குந்திக்கொண்டிருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒளிந்துகொண்டிருந்தார். எண்பத்தொன்பதாயிரம் பேர் ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு அனுப்பிய மனுஷன், வெள்ளை வேட்டியெல்லாம் ஒட்டடையாக, மூச்சைக் கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஷெட்டில் இருந்தவை எல்லாம் அவருடைய பழைய தொழில் சாமான்கள். அரசியலுக்கு வருவதற்கு முன்னால் கண்ணமங்கலத்தில் ‘பூபாலன் சவுண்ட் சர்வீஸ்’ என்றால் தெரியாத ஆள் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, எல்லாவற்றுக்கும் அவர் மைக் செட்தான்.

வாசலில் உதவியாளர் பிரகாஷ் சமாளித்துக்கொண்டிருந்தார். மைக் செட் காலத்திலிருந்து கூடவே இருப்பவர், நாற்பத்தைந்து வயது, பொய் சொன்னாலும் பயந்தாலும் காது சிவந்துவிடும்.

“அண்ணன் மெட்ராஸ் போயிருக்காரும்மா.”

“கார் இங்க நிக்குது. செருப்பு இங்க கீது. வெறுங்கால்ல நடந்தே போய்ட்டாரா மெட்ராசுக்கு?” என்றாள் பாஞ்சாலை.

பாஞ்சாலை ஜவ்வாது மலையில் ஆலங்கொல்லை ஊராட்சித் தலைவி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் கேட்டது காசில்லை, பணமில்லை. ஒரே ஒரு கடிதம். ஆலங்கொல்லையில் வெள்ளோடை என்று ஓர் ஓடை இருக்கிறது. கத்திரி வெயிலிலும் வற்றாது. சுற்றியுள்ள நான்கு ஊர்களுக்கும் குடிக்க, ஆடு மாடுகளுக்குக் காட்ட அதுதான் தண்ணீர். அதைக் குழாய் போட்டு உறிஞ்சி பாட்டிலில் அடைத்து விற்க ‘சிலுசிலு’ என்றொரு தண்ணீர் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. எம்.எல்.ஏ. எழுத்துமூலம் எதிர்த்தால் ஃபைல் நிற்கும், இல்லாவிட்டால் மே மாதக் கடைசிக்குள் அனுமதி கிடைத்துவிடும் என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள்.

“தேர்தலப்ப அந்த ஓடையில எறங்கி ரெண்டு கையால மொண்டு குடிச்சாரு. இந்தத் தண்ணி மேல சத்தியம், எவனையும் கை வைக்க வுட மாட்டேன்னாரு. இப்ப ஒரு வரி எழுத கை வர்லயா? அவராண்ட சொல்லுங்க, நான் திரும்பவும் வர்றேன்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனாள். ஷெட்டுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள். கேட்டது.

பூபாலன் கெட்டவர் இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். பயத்துக்குக் காரணம் ‘உடுக்கை நியூஸ்’ என்ற டிவி. சிலுசிலு கம்பெனிக்கும் உடுக்கைக்கும் ஒரே சேர்மன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பாலம் திறக்கப் போன இடத்தில் பூபாலன் சாணியில் கால் வைத்து வழுக்கி, ரிப்பன் வெட்டும் கத்திரியோடு ஓடைப்பக்கம் உருண்டார். அதை உடுக்கைக்காரன் விடாமல் இரண்டு நாள் போட்டான். வேகமாகப் போட்டான், மெதுவாகப் போட்டான், பின்னோக்கிப் போட்டான். பின்னோக்கிப் போட்டபோது அவர் சாணியிலிருந்து எழுந்து பறந்து போய்ப் பாலத்தில் நின்றார். கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் பெண்கள்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று ஆரம்பித்தது அவருக்குப் பி.பி. மாத்திரை.

அதிலிருந்து காலையில் பல் தேய்த்துக்கொண்டே உடுக்கையைப் போட்டு, அடியில் ஓடுகிற வரியைப் படிப்பார். தன் பெயர் இல்லையென்றால் அன்றைக்கு நல்ல நாள். தைரியத்தையும் அங்கேதான் வாங்கிக்கொள்வார். உடுக்கை கொசுவைத் திட்டினால் இவர் கொசுவை ஒழிப்பேன் என்று முழங்குவார். உடுக்கை தெருநாயைத் திட்டினால் இவரும் நாயைத் திட்டுவார். உடுக்கை சும்மா இருந்தால் இவர் சும்மாவே இருப்பார். வெள்ளோடையைப் பற்றி உடுக்கை வாயே திறக்கவில்லை. காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்களே, அதில் தேடினாலும் அந்த விஷயத்தில் பூபாலனுடைய தைரியம் அகப்பட்டிருக்காது.

நிலைமை இப்படி இருக்க, மே முதல் தேதி ஆலங்கொல்லையில் கிராம சபை கூடியது. சிலுசிலு கம்பெனி மேனேஜர் ஷூ போட்டுக்கொண்டு வந்து, முந்நூறு பேருக்கு வேலை, இருபத்துநாலு மணி நேர ஆஸ்பத்திரி, மணிக்கு ஒரு பஸ் என்று அடுக்கினார். ஒரு நாளைக்கு இரண்டே பஸ் பார்க்கிற ஜனங்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“இன்னாங்க, எங்க மலைக்கே வந்து எங்களுக்கே கரடி வுட்றீங்களா? கரடி வுடாதீங்க!”

கரடி விடுவது என்றால் புளுகுவது. நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உடுக்கை டிவிக்காக வேலூரிலிருந்து வந்திருந்த நிருபர் நதியாவுக்கும் தெரியும். அவள் ஒழுங்காகத்தான் படம் பிடித்து அனுப்பினாள். மெட்ராஸ் ஆபீசில்தான் வம்பு. முதலாளி கம்பெனி புளுகுகிறது என்று முதலாளி டிவியில் எப்படிப் போடுவது? ஆனால் ஒரு பொம்பளை கையை நீட்டிக் கத்துகிற காட்சி, பின்னால் மலை, கூட்டம், கைதட்டல். விடவும் மனசில்லை. எடிட்டர் யோசித்தார். “அந்தம்மா கரடின்னுதானே சொல்லுது? கரடியாவே போட்டுடு” என்றார். பூபாலனுக்கு இது அப்போது தெரியாது. நமக்குத் தெரிந்திருக்கட்டும்.

மறுநாள் காலை பிரஷ்ஷும் வாயுமாக டிவி முன்னால் நின்ற பூபாலன் அப்படியே நின்றுவிட்டார். ‘ஜவ்வாது மலையில் கரடிகளை விடத் திட்டம்? கொந்தளிக்கும் கிராம மக்கள்!’ திரையில் ஒரு பெரிய கரடி இரண்டு காலில் நின்று பல்லைக் காட்டியது. பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து, ஜவ்வாது மலைக்குக் கரடி தேவையா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிரகாஷ் தலையைச் சொறிந்தார். “அண்ணே, நம்ம ஊர்ல கரடி வுட்றதுன்னா வேற இல்ல?”

“யோவ், படம் போட்டுக் காட்றான், நீ வேற. பல்லு பாரு எவ்ளோ பெருசு.”

“மலையில ஏற்கெனவே கரடி கீதுண்ணே. பலாப்பழத்துக்கு வரும்.”

“அது பழைய கரடி. இது புதுக் கரடி.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. உடுக்கையிலிருந்துதான். உங்கள் தொகுதியில் கரடி விடுகிறார்களாமே, உங்கள் நிலைப்பாடு என்ன, நேரலையில் இருக்கிறீர்கள் என்றார்கள். பூபாலன் வழக்கம்போலப் போனை வைத்துவிடப் பார்த்தார். பிறகு ஒரு நொடி யோசித்தார். கரடிக்குக் கட்சி கிடையாது. கரடிக்கு டிவி கிடையாது. கரடிக்குச் சேர்மன் கிடையாது. ஆகா! எத்தனை வருஷமாகக் காத்திருந்த எதிரி! வாயிலிருந்த பற்பசையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு முழங்கினார்.

“என் பிணத்தைத் தாண்டித்தான் ஜவ்வாது மலையில ஒரு கரடி கால் வைக்கும்! கரடி விடறவன் எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் சரி, இந்தப் பூபாலன் விட மாட்டான்!”

சாயங்காலத்துக்குள் அவர் ‘கரடியை எதிர்த்த காளை’ ஆகிவிட்டார். உடுக்கையில் அவர் போட்டோவுக்கும் கரடி போட்டோவுக்கும் நடுவே மின்னல் வெட்டியது. சாணிக் காட்சியை ஒருத்தன்கூடப் போடவில்லை. மாவட்டச் செயலாளர் போன் செய்து சபாஷ் என்றார். முடி வெட்டுகிறவர் காசு வாங்க மறுத்தார். பூபாலன் அன்றைக்கு மாத்திரை போடவே மறந்துபோனார்.

மலையில் வேறு கதை. அங்கே டிவி பார்த்தவர்கள் குறைவு. பேசியது மட்டும் போனுக்குப் போன் தாவி வந்தது. கரடி விடுகிறவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் விட மாட்டேன் என்று எம்.எல்.ஏ. சொல்லிவிட்டார்! பாஞ்சாலை அதை மூன்று தடவை கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நான்தான் தப்பா பேசிட்டேன் மனுசன. செருப்பு கிருப்புன்னு இன்னான்னாவோ சொல்ட்டேன்” என்று புலம்பினாள். உடனே போன் போட்டாள்.

“ஐயா, டிவில பேசினீங்களே, கேட்டேங்க. வர்ற ஞாயித்துக்கெழம கரடி வுடக் கூடாதுன்னு தீர்மானம் போட்றோம். நீங்க நேர்ல வந்து கையெழுத்து போடணுங்க.”

“கரடி வுடக் கூடாதுன்னுதானே?”

“ஆமாங்க. அதான்.”

“அவ்ளோதானே? வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற இன்னாங்க கீது?”

“டிவிக்காரங்க வருவாங்களா?”

“நதியா பாப்பாவ வரச் சொல்ட்டேங்க. லைவாம்.”

ஞாயிற்றுக்கிழமை பூபாலன் புது வேட்டியும் காட்டிலாகா நிறத்தில் ஒரு தொப்பியும் போட்டுக்கொண்டு மலை ஏறினார். டிக்கியில் ஆறு கட்டு வெடி இருந்தது, கரடி வந்தால் விரட்ட. ஆலங்கொல்லையில் இறங்கியதும் பம்பை அடித்தார்கள். சாமைக் கதிரையே மாலையாகக் கட்டிப் போட்டார்கள். கழுத்தெல்லாம் அரித்தது. சொறிந்துகொள்ளாமல் சிரித்தார். புளியமரத்தடியில் மேடை. மரத்தின் உச்சிக் கிளையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இரண்டு குழாய் ஸ்பீக்கர். எதிரே நதியாவும் அவளுடைய கேமராக்காரரும். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பூபாலன் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஊராட்சிச் செயலாளர் சின்னதம்பி தீர்மானத்தை, அடியில் எம்.எல்.ஏ. கையெழுத்துக்காக எழுதியிருந்த வரியோடு சேர்த்து வாசித்தார். “சிலுசிலு குடிநீர் நிறுவனம், முந்நூறு பேருக்கு வேலை, ஆஸ்பத்திரி, மணிக்கொரு பஸ் என்று இம்மலையில் கரடி விட்டு வருவதை இச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது. வெள்ளோடையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் அந்நிறுவனத்துக்குத் தர இயலாது. இதைச் சட்டமன்ற உறுப்பினராகிய நானும் எழுத்துமூலம் எதிர்க்கிறேன்.”

பூபாலனுடைய சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துவிட்டது. அட பாவிகளா, அந்தக் கரடியா! பிரகாஷைப் பார்த்தார். பிரகாஷின் காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. நான் அப்பவே சொன்னேனே என்கிற பார்வை. அவர் கையில் போன் வேறு துடித்துக்கொண்டிருந்தது. சேர்மன் ஆபீஸ் என்று திரையில் தெரிந்தது.

“ஐயா பேசுங்க” என்று பாஞ்சாலை மைக்கை நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அதைப் பார்க்கவே பூபாலனுக்குப் பயமாக இருந்தது.

மனசுக்குள் கணக்குப் போட்டார். நான் சொன்னது நாலு கால் கரடி என்று பின்வாங்கினால்? தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘கரடியைக் கண்டு ஓடிய காளை’ என்று போடுவான். கூடவே சாணியைப் போடுவான். பின்வாங்காமல் பேசினால்? சேர்மன் கோபப்படுவார். ஆனால் நேரலையில் பேசியதை அவரால் என்ன செய்ய முடியும்? நாடே காதால் கேட்ட பிறகு வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. சிவப்பு விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது. பெருமாளே, எது நடந்தாலும் நேரலையிலேயே நடக்கட்டும் என்று மைக்கை வாங்கினார்.

கை தானாக மைக்கை மூன்று தட்டு தட்டியது. “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...” தொழில் பழக்கம் போகுமா? குரல் குழாய் வழியாகப் போய் எதிர் மலையில் மோதி, ஹலோ என்று திரும்பி வந்தது. ஸ்பீக்கரைச் சரியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று அந்த நிலைமையிலும் தோன்றியது.

“அன்பார்ந்த ஆலங்கொல்லைப் பெருமக்களே! முந்நூறு வேலைங்கறாங்களே, அது கரடி! ஆஸ்பத்திரிங்கறாங்களே, அதுவும் கரடி! மணிக்கொரு பஸ்ஸு இருக்கே...” கொஞ்சம் நிறுத்தினார். “அது கரடியிலயே பெரிய கரடி!”

கூட்டம் குலுங்கியது. விசில் பறந்தது. பூபாலனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அந்தச் சூட்டில், சொல்ல வேண்டாம் என்று நினைத்ததும் வாயில் வந்து விழுந்தது.

“இந்தத் தண்ணிய நான் குடிச்சேன். இது மேல சத்தியம் பண்ணேன். பண்ணிட்டு இன்னா செஞ்சேன் தெரியுமா? இந்தம்மா நாலு தடவ என் வூட்டுக்கு வந்தாங்க. நாலு தடவயும் ஷெட்ல ஒளிஞ்சேன். ஸ்பீக்கருக்குப் பின்னால குந்திக்கினு இருந்தேன். இந்த ஊருக்கு முதல்ல கரடி வுட்டவன் நான்தான்!”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டாள். பூபாலன் தீர்மான நோட்டை இழுத்து, தேதி போட்டு, முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். பம்பை இடியாய் முழங்கியது.

மேடையை விட்டு இறங்கி நேராக நதியாவிடம் போனார். “எப்படிம்மா போச்சு? தமிழ்நாடே அதிர்ந்திருக்குமே?”

நதியா காதிலிருந்த கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “சார், சிலுசிலுன்னு பேர் வந்த உடனே மெட்ராஸ்ல கட் பண்ணிட்டாங்க. நீங்க பேசினது எதுவும் போகல.”

“சிவப்பு லைட்டு எரிஞ்சுதே!”

“அது கேமரா லைட்டு சார். எரியும். டிவில அந்த நேரம் வெளம்பரம் ஓடிச்சி.”

“இன்னா வெளம்பரம்?”

அவள் தரையைப் பார்த்தாள். “சிலுசிலு தண்ணி, சார்.”

பூபாலன் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் சேரில் பொத்தென்று உட்கார்ந்தார். போச்சு. ஆயுசில் ஒரே ஒரு தடவை ஆம்பிளையாகப் பேசினார். அதை ஒருத்தனும் பார்க்கவில்லை. ஆனால் மெட்ராஸ் ஆபீசில் சேர்மன் மட்டும் பார்த்திருப்பார். “அப்ப யாருமே பாக்கலியா? யாருமே கேக்கலியா?” என்று குழந்தை மாதிரி கேட்டார்.

“நாங்க இருந்தோமேங்க” என்றாள் பாஞ்சாலை.

பூபாலன் மெல்ல, “அந்த நோட்டுல ஒரு சின்ன திருத்தம்...” என்று இழுத்தார்.

“சின்னதம்பி எடுத்துக்கினு அப்பவே கெளம்பிட்டாரு. கலெக்டர் ஆபீஸ் டபேதார் அவருக்கு மாமன் மொறை. ஞாயித்துக்கெழமன்னாலும் வாங்கிக்குவாரு” என்றாள் அவள். பைக் சத்தம் மலைச்சரிவில் தேய்ந்துகொண்டிருந்தது.

கார் இறங்கியது. பூபாலன் செல்போனில் உடுக்கையைப் பார்த்தார். ‘ஜவ்வாது மலையில் கரடி பீதி நீங்கியது.’ அவ்வளவுதான். காளையைக் காணோம். முன் சீட்டில் பிரகாஷ் போனைக் கையில் பிடித்தபடி, “அண்ணே, பதினாலு தடவ அடிச்சிட்டாங்க. எடுக்கட்டா?” என்றார். “டவர் இல்லன்னு சொல்லு” என்றார் பூபாலன். டவர் இல்லை என்று போனில் எப்படிச் சொல்வது என்று பிரகாஷ் யோசித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டுப் பேர் சாலையை மறித்து நின்றார்கள். பூபாலனுக்குப் பகீர் என்றது. அடுத்த ஊர்க்காரர்கள். முனியம்மா என்ற பெண் ஒரு முழுப் பலாப்பழத்தை ஜன்னல் வழியாக அவர் மடியில் இறக்கினாள். மூச்சு முட்டியது.

“கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தோம். எல்லாத்தையும் கேட்டோம். ஷெட்ல ஒளிஞ்சதையும் சேத்து கேட்டோம்” என்றாள்.

“நீங்க எப்படிம்மா கேட்டீங்க? டிவிலதான் போடலியே!”

“டிவி யாரு பாத்தா? மரத்துல கொழா கட்டி வுட்டா நாலு ஊருக்கும் கேக்குமே. மைக் செட் போட்ட உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமலா! இருபது வருஷம் அதைத்தானே கட்டினார். பூபாலன் பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்தபடி மலையைத் திரும்பிப் பார்த்தார். நான்கு ஊரும் கேட்டிருக்கிறது. இனி எந்த ஷெட்டில் போய் ஒளிவது?

போன் பதினைந்தாவது தடவையாக அடித்தது. “குடு” என்று வாங்கினார். இப்போது கேமரா இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. மடியில் பலாப்பழம் மட்டும்தான் இருந்தது.

சேர்மனே பேசினார். குரல் தேனாக இருந்தது. “என்ன பூபாலன், ஏதோ குழப்பம் போல. ஒரு மறுப்பு மட்டும் குடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம். அந்த மலைக்கு நாங்க எவ்வளவு செய்யப்போறோம் தெரியுமா? முந்நூறு குடும்பத்துக்கு வேலை...”

வெளியே முனியம்மா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

“சார்” என்றார் மெதுவாக. “கரடி வுடாதீங்க.”

போனை வைத்துவிட்டு, கையைப் பிரகாஷிடம் நீட்டினார்.

“யோவ், அந்த மாத்திரைய எடு. ரெண்டா குடு.”